எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வி எதைச் சாதிக்கும்? சிங்கப்பூர் நாடாளுமன்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிர்க்கட்சியினர் கேள்வி கேட்டு என்ன ஆகிவிடப்போகிறது என்ற பேச்சைக் காப்பிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அப்படிக் கேட்பவர்களும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்தாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவை எதிர்பார்த்திருப்பவர்கள்தாம். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு, நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒருவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இப்போது நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் எத்தனை பேர்?

2025 மே 3-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் 97 இடங்களில் ஆளும் மக்கள் செயல் கட்சி 87 இடங்களையும் பாட்டாளிக் கட்சி 10 இடங்களையும் வென்றன. அந்தப் பத்தில் ஐந்து அல்ஜுனிட் குழுத்தொகுதி, நான்கு செங்காங் குழுத்தொகுதி, ஒன்று ஹவ்காங் தனித்தொகுதி. எதிர்க்கட்சியினர் குறைந்தது 12 பேராவது மன்றத்தில் இருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் ஏற்பாடு என்பதால், தோற்றவர்களில் அதிக வாக்கு விகிதம் பெற்றவர்களிலிருந்து இருவர் தொகுதியில்லா உறுப்பினர்களாக வந்தனர். மசோதாக்களைத் தோற்கடிக்க இந்த எண்ணிக்கை ஒருபோதும் போதாது. எனவே அவர்களின் கையில் இருக்கும் முதன்மையான கருவி வாக்கு அன்று, கேள்விதான்.

ஒரு கேள்வி எப்படி மன்றத்துக்கு வருகிறது?

உறுப்பினர் ஒருவர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கலாம். அவற்றில் மூன்றுக்கு மேல் வாய்மொழிப் பதிலுக்காகக் கேட்க முடியாது. மன்றம் கூடியதும் கேள்வி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அதற்குள் முறை வராத கேள்விகளுக்கு, கேட்டவர் அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்ளாவிட்டால், எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கும்.

அமைச்சரின் முதல் பதில் பெரும்பாலும் அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்தது. அதை வாசித்து முடித்தவுடன் எழும் துணைக் கேள்விகளில்தான் உண்மையான உரையாடல் நடக்கிறது. அங்கே அமைச்சர் தம் துறையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதும், கேட்டவர் தம் பாடத்தை எவ்வளவு படித்து வந்திருக்கிறார் என்பதும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஒரே விவகாரத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் அமைச்சர் அனைத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்வது வழக்கம். நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது என்றாலும், ஒருவர் குறிப்பாகக் கேட்ட ஒரு புள்ளிவிவரம் அந்தப் பொதுப்பதிலுக்குள் கரைந்து போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துணைக் கேள்வியில் அதை மீண்டும் பிடித்து இழுக்கத் தெரிந்தவரே நல்ல கேள்வியாளர்.

ரயில் பழுதுபட்டால் அரசாங்கமே விளக்கம் தருகிறதே, அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 2024 செப்டம்பர் 25-ஆம் தேதி காலையில் கிழக்கு மேற்குப் பாதையில் ஓடிய முதல் தலைமுறை ரயில் ஒன்றின் அச்சுப் பெட்டி (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பாகம்) டோவர் அருகே தண்டவாளத்தில் கழன்று விழுந்தது. அது தெரியாமல் ரயில் தொடர்ந்து ஓடியதில் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளமும் அதன் துணைக் கருவிகளும் சேதமடைந்தன. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாட்கள் ரயில் இல்லை. முதலில் 3 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்று அறிவித்த நிலப் போக்குவரத்து ஆணையம் பின்னர் அதை 2.4 மில்லியனாகக் குறைத்தது.

ரயில்களின் நம்பகத்தன்மையை அளப்பதற்கு இங்கே ஓர் அளவுகோல் உண்டு: ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் ஒரு தாமதத்துக்கும் அடுத்த தாமதத்துக்கும் இடையில் ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடின என்பதே அது. ஒரு மில்லியன் கிலோமீட்டர் என்ற இலக்கு 2019-இலேயே எட்டப்பட்டது. அதற்காகப் பொறியாளர்களும் இரவு நேரப் பராமரிப்பு ஊழியர்களும் பட்ட பாடு பெரியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கில் ஆறு நிமிடத் தாமதமும் ஒரு சம்பவம். ஆறு நாள் சேவைத் தடையும் ஒரு சம்பவம். பயணிக்கு இரண்டும் ஒன்றா? எத்தனை பயணிகள் எத்தனை மணி நேரம் இழந்தார்கள் என்று அளந்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும்.

எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து "ரயில் ஏன் அடிக்கடி நிற்கிறது?" என்று கேட்டால், "உலகத் தரத்தோடு ஒப்பிட்டால் நாம் நன்றாகவே இருக்கிறோம்" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதையே "கடந்த ஐந்து ஆண்டுகளில் முப்பது நிமிடத்துக்கு மேல் நீடித்த தடைகள் ஒவ்வொரு பாதையிலும் எத்தனை, அவற்றில் வயதான ரயில்களால் ஏற்பட்டவை எத்தனை, அந்த ரயில்களை மாற்றும் அட்டவணை தள்ளிப்போனது ஏன்?" என்று கேட்டால், அமைச்சர் எண்ணைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் சொல்ல முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அது பதிவாகிவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி கேட்டதால் எதாவது மாறியதுண்டா?

கேள்வி மட்டுமே மாற்றியது என்று சொன்னால் அது மிகை. மக்களின் குரலும் மன்றத்துக் கேள்வியும் சேரும்போது மாறியதுண்டு.

2024 ஜனவரி 9-ஆம் தேதி, பேருந்து, ரயில் கட்டணம் செலுத்தும் பழைய வகை ஈஸி-லிங்க் அட்டைகளை ஜூன் மாதத்திலிருந்து பயன்படுத்த முடியாது, எல்லாரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. புதிய முறையில், அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கட்டணம் கழிந்தது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பேருந்திலோ ரயில் நிலைய நுழைவாயிலிலோ தெரியாது. கைத்தொலைபேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும். எண்ணி எண்ணிச் செலவழிக்கும் முதியவர்களுக்கு அந்தச் சிறிய திரையில் தெரியும் எண் எவ்வளவு முக்கியம் என்பதை, முடிவெடுத்தவர்கள் போதுமான அளவுக்கு எண்ணிப் பார்க்கவில்லை. ஜனவரி 22-ஆம் தேதி அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து இயக்க 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்று தெரிவிக்கப்பட்டது. அந்தச் செலவு முதலிலேயே கணிக்கப்பட்டதா, முதியவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்ற கேள்விகள் அடுத்த மாதம் மன்றத்துக்கு வந்தன. அமைச்சர் விளக்கமளிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று நாடாளுமன்றத்தைப் பற்றியதே. அமர்வுகளை நேரலையில் காட்ட வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் பல ஆண்டுகள் கேட்டு வந்தனர். முதலில் மறுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் நேரலை தொடங்கியது. இன்று ஒரு துணைக் கேள்வியைத் துண்டுக் காணொளியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றால் அதன் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது.

வீடமைப்பில் எதிர்க்கட்சியினர் நிலத்தின் விலையைப் பற்றியே ஏன் பேசுகிறார்கள்?

நாலறை வீட்டின் விலையில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது என்பதால். வீவக தான் கட்டும் வீடுகளுக்கான நிலத்தை அரசாங்கத்திடமிருந்து சந்தை மதிப்பில் வாங்குகிறது. அந்தப் பணம் கடந்தகாலச் சேமிப்பில், அதாவது அரசமைப்பு பாதுகாக்கும் நாட்டின் இருப்பில் சேர்கிறது. வாங்குபவர்களுக்குச் சந்தை விலையிலிருந்து தள்ளுபடியும் மானியமும் தரப்படுகின்றன. இவற்றால் வீவகவின் கணக்கில் ஆண்டுதோறும் பற்றாக்குறை விழுகிறது. 2023-24 நிதியாண்டில் அது 6.7 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. அரசாங்க மானியம் அதை ஈடுகட்டுகிறது.

சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதியில்லா உறுப்பினர்களாக அப்போது இருந்த லியோங் மன் வாயும் ஹேசல் புவாவும் 2023 பிப்ரவரியில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவந்தனர். குடியிருப்பதற்காக வீடு வாங்குபவரிடம் நிலத்தின் விலையை வசூலிக்க வேண்டாம், அவர் பின்னாளில் அந்த வீட்டை விற்றால் அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனையின் சாரம். நிலமும் இருப்பின் ஒரு பகுதி. அதை விலையில்லாமல் கொடுப்பது வருங்காலத் தலைமுறையின் சொத்தில் கைவைப்பதாகும் என்பது அரசாங்கத்தின் பதில். இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் தோற்றது.

அந்த யோசனையை நான் முழுமையாக ஏற்கவில்லை. நிலத்தின் விலையைத் தள்ளிவைத்தால் ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் வீட்டு மதிப்பு என்னவாகும் என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த விவாதம் நடந்திராவிட்டால், நிலத்தின் பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை என்னைப் போன்ற ஒரு சாதாரண வீட்டுக்காரர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. தோற்ற தீர்மானமும் கற்றுக்கொடுக்கும்.

பாட்டாளிக் கட்சியின் அணுகுமுறை வேறு. ஒற்றையர் புதிய வீடு வாங்கும் வயதை 35-இலிருந்து 28-ஆகக் குறைக்க வேண்டும் என்பது போன்ற, எல்லை தெளிவாக உள்ள கோரிக்கைகளை அது முன்வைத்து வருகிறது. இதற்கு அரசாங்கம் தரும் பதில், வீடுகளின் எண்ணிக்கை போதுமான அளவுக்கு உயரும்வரை குடும்பங்களுக்கே முன்னுரிமை என்பது. இந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி தானாகவே பிறக்கிறது: எத்தனை வீடுகள் வந்தால் அது போதுமான அளவு?

வீவக வீட்டின் 99 ஆண்டுக் குத்தகை முடிந்தால் வீடு என்னவாகும் என்று யாராவது கேட்டார்களா?

கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். நீண்ட காலமாக மக்கள் மனத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. வீடு பழையதானால் அரசாங்கம் இடித்துவிட்டுப் புதிய வீடு தரும் என்பதே அது. 2017 மார்ச்சில், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், எல்லாப் பழைய வீடுகளும் அந்த ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் என்று எண்ண வேண்டாம், இதுவரை சுமார் 4 விழுக்காட்டு வீடுகளே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன என்று எழுதினார். ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் சுவர்களுக்குள் வைத்திருந்த பலருக்கு அது தூக்கத்தைக் கெடுத்த செய்தி. 2018 ஆகஸ்டில், சுமார் 70 ஆண்டுகளைக் கடந்த வட்டாரங்களில் குடியிருப்பாளர்கள் வாக்களித்து வீடுகளை முன்கூட்டியே ஒப்படைக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இழப்பீடு எந்த அடிப்படையில் கணக்கிடப்படும் என்பதையே எதிர்க்கட்சியினர் தொடர்ந்து கேட்கிறார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் தம் மூவறை வீட்டை இப்போது விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்ய அந்த விவரம் தேவை.

எதிர்க்கட்சியினர் மன்றத்தில் கேள்வி கேட்கும் இந்தப் பழக்கம் எப்போது மீண்டும் தொடங்கியது?

1968 பொதுத்தேர்தலில் 58 இடங்களையும் மக்கள் செயல் கட்சியே வென்றது. அதன் பிறகு 1981 அக்டோபர் 31 வரை நாடாளுமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அன்றுதான் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் எடுபட்ட பிரச்சினைகளில் ஒன்று வீடு: கொள்கலன் முனைய விரிவாக்கத்துக்காகத் துறைமுகக் கழகத்தின் பிளேர் பிளேன் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீட்டில் முன்னுரிமை தரப்படவில்லை. துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த தொகுதி அது. இங்கே எதிர்க்கட்சியின் மறுபிறப்பு சித்தாந்தத்தில் நிகழவில்லை, வீட்டுக் கதவிலிருந்துதான் நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நூறு வெள்ளியைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் என்பது என்ன?

வரவுசெலவுத் திட்ட விவாதத்தின் பின்பகுதியில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளப்படும். அப்போது உறுப்பினர் எழுந்து, அந்த அமைச்சின் மொத்த ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். பில்லியன் கணக்கிலான தொகையில் நூறு வெள்ளி ஒரு பொருட்டே அன்று. அமைச்சின் கொள்கையை விவாதிப்பதற்கான வாசல் அது. விவாதம் முடிந்ததும் தீர்மானம் மீட்டுக்கொள்ளப்படும். பேருந்துச் சேவை, மருத்துவமனைப் படுக்கைகள், முதியோர் பராமரிப்பு என்று ஆண்டின் மிக விரிவான கேள்விகள் எழுவது இந்த நாட்களில்தான்.

எதிர்க்கட்சித் தொகுதியில் இருந்தால் சேவைகள் தாமதமாகும் என்பது உண்மையா?

ஒரு காலத்தில் அது வெளிப்படையான கொள்கையாகவே இருந்தது. 1990-களில் வீட்டு மேம்பாட்டுத் திட்டங்கள் வாக்குகளோடு இணைக்கப்பட்டன. எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வட்டாரங்கள் வரிசையின் கடைசிக்குப் போகும் என்று சொல்லப்பட்டது. 2006 தேர்தலில் பொத்தோங் பாசிருக்கு 80 மில்லியன், ஹவ்காங்குக்கு 100 மில்லியன் வெள்ளி மதிப்பிலான மேம்பாடு என்று ஆளும் கட்சி வேட்பாளர்கள் வாக்குறுதி தந்தார்கள். இரண்டு தொகுதிகளும் எதிர்க்கட்சியினரான சியாம் சீ டோங்கையும் லோ தியா கியாங்கையும் மீண்டும் தேர்ந்தெடுத்தன. ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்காத புளோக்கில், மளிகைப் பையோடு ஒரு மாடி இறங்கியோ ஏறியோ வீட்டுக்குப் போன முதியவர்கள் அப்படி வாக்களித்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்தூக்கி மேம்பாடு பின்னர் அங்கும் வந்தது.

இப்போது நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. இருந்தாலும் எதிர்க்கட்சித் தொகுதிகளில் அடித்தள அமைப்புகளின் ஆலோசகராக, தேர்தலில் தோற்ற ஆளும் கட்சி வேட்பாளர்களே நியமிக்கப்படுவதும், சமூக மேம்பாட்டுப் பணிகளுக்கான நிதி அவர்கள் வழியாகவே கோரப்பட வேண்டியிருப்பதும் தொடர்ந்து கேள்விக்கு உள்ளாகின்றன. என் கருத்தில், கூரையிட்ட நடைபாதை யார் வாக்கு வாங்கினார் என்று பார்த்து வரக்கூடாது.

ஆளும் கட்சி உறுப்பினர்களும் கேள்வி கேட்கிறார்களே, பிறகு வேறுபாடு என்ன?

கேட்கிறார்கள், பல நேரங்களில் மிக நன்றாகவே கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு இணையத்தளம் ஒன்றில் அடையாள அட்டை எண்கள் முழுமையாகத் தெரியவந்தபோது இரு தரப்பினரும் ஏராளமான கேள்விகளைக் கொடுத்தார்கள். ஆனால் கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடு உள்ளவர் ஒரு திட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்க முடியும். அந்தத் திட்டமே வேண்டுமா என்று கேட்டு, பதில் திருப்தி தராவிட்டால் எதிர்த்து வாக்களிப்பது அவருக்கு எளிதன்று.

உறுப்பினர் தவறான தகவலைச் சொன்னால்?

மன்றத்துக்குள் பேசியதற்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக உண்மை பேசும் பொறுப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அப்போதைய செங்காங் உறுப்பினர் ரயீசா கான், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரோடு தாம் காவல் நிலையம் சென்றதாக மன்றத்தில் கூறினார். அது நடக்கவில்லை என்று நவம்பரில் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். மன்றம் அவருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதித்தது. அதனால் நேர்ந்த பெரிய இழப்பு, பாதிக்கப்பட்டவர்களைக் காவல்துறை நடத்தும் விதம் குறித்து அவர் எழுப்ப நினைத்த நியாயமான கேள்வி அந்தப் பொய்யின் கீழ் புதைந்து போனதுதான்.

தமிழில் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் பேச அரசமைப்பு இடமளிக்கிறது. உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ்க் குரல் அங்கே அரிதாகவே ஒலிக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

என் பிரச்சினை ஒரு கேள்வியாக மாற நான் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தொகுதி உறுப்பினர், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். வரிசை எண் தருவார்கள். தொண்டூழியர் ஒருவர் மடிக்கணினியோடு உங்கள் குறையைக் கேட்டு எழுதுவார். "பேருந்து வருவதே இல்லை" என்று சொன்னால் அவரால் எழுத முடிவது ஒரு வரிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி அமர்ந்திருந்தார். பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும் பேருந்தைப் பற்றிய முறையீடு அவருடையது. தொண்டூழியர் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டதும் அவர் பையிலிருந்து தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். ராகுகாலம், நல்ல நேரம் அச்சிட்ட தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலில் இரண்டு நேரங்கள்: அவர் நிறுத்தத்துக்கு வந்தது, பேருந்து வந்தது. மொத்தம் பதினொரு நாட்கள். அந்த இளைஞர் பேசாமல் பதினொன்றையும் கடிதத்தில் ஏற்றினார். பேருந்து உடனே கூடிவிடவில்லை. ஆனால் வந்த பதிலில், காலை நேரத்தில் இடைவெளி திட்டமிட்டதைவிட நீண்டிருந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாட்டி அந்தக் கடிதத்தை எங்கள் புளோக்கில் பலரிடமும் காட்டினார்.

அமைச்சர்கள் சொன்ன பதில்களை எங்கே படிப்பது?

நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் 1955 முதலான நடவடிக்கைக் குறிப்புகள் அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. உறுப்பினரின் பெயர், தேதி, சொல் என எதைக் கொண்டும் தேடலாம். பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், வீட்டில் உள்ள பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லி, உங்கள் பேட்டையின் பெயரை இட்டுப் பாருங்கள்.